சிறு நிறைவு முதல் பெரு வெப்பம் வரை

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். மே 4ஆம் தேதி வாக்கில் 'அக்னி நட்சத்திரம் ஆரம்பம்' என்று போட்டிருக்கும். ஊரில் கத்திரி வெயில் என்போம். அதற்கு ஓரிரு நாள் கழித்து, மே 5 அல்லது 6ஆம் தேதியில், சீன நாள்காட்டியிலும் இரண்டு எழுத்துகள் சற்றுப் பெரிதாக அச்சாகியிருக்கும். 'லிஷியா' என்று படிக்க வேண்டும். கோடை பிறந்தது என்று பொருள். நமக்கு வெயில் உச்சந்தலையைப் பிளக்கும் நேரத்தில் அவர்களுக்கு இப்போதுதான் கோடை பிறக்கிறதாம்!

இது என் கண்ணில் பட்டது நம் கொல்கத்தாவின் பென்டிங்க் தெருவில். இந்த நகரத்தில் நீண்ட காலம் இருக்கும் அன்பர்களுக்கு அந்தத் தெருவின் சீனச் செருப்புக் கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வங்கியில் வேலை பார்த்த காலத்தில் என் செருப்புகள் எல்லாம் அங்கேதான் தைத்தவை. கடைக்காரப் பெரியவரின் தலைக்கு மேல், தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் ஒன்று தொங்கும். ஹாங்காங்கில் இருந்த உறவினர் வருஷா வருஷம் அனுப்புவாராம். சில தாள்களில் மட்டும் ஏன் இந்தப் பெரிய எழுத்துகள் என்று ஒருநாள் கேட்டேன்.

"தாதா, இன்றைக்கு உங்களுக்குப் பண்டிகையா?"

"பண்டிகை இல்லை பாபு, வேலை. நிலம் வைத்திருக்கிறவனுக்கு வேலை. எனக்கு ஏது நிலம்? எனக்குத் தோல்தான்" என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பதிலின் அர்த்தம் முழுதாக விளங்க எனக்கு நிறைய படிக்க வேண்டியிருந்தது. படித்ததில் கோடைப் பகுதியை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். 24 பருவங்களையும் எழுதினால் ஆசிரியர் என்னைத் தொலைத்துவிடுவார்.

மூங்கிலில் கணு, ஆண்டில் கணு

சீனர்கள் சந்திரனை வைத்து மாதம் எண்ணுகிறவர்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாதி உண்மை. மாதம் அமாவாசையில் பிறப்பது சரிதான். ஆனால் உழவனுக்குச் சந்திரனால் என்ன பயன்? அமாவாசை ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னே பின்னே நகரும். விதைப்பு நகர முடியாது. ஆகவே சந்திர மாதங்களோடு கூடவே சூரியனின் பாதையை 24 பங்காகப் பிரித்து, 15 பாகைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். இந்தப் பங்குக்கு 'ஜியேசி' என்று பெயர். அதில் 'ஜியே' என்பது மூங்கிலின் கணுவைக் குறிக்கும் சொல். ஆண்டு என்ற நீண்ட மூங்கிலில் 24 கணுக்கள்!

பெயர்கள் மஞ்சள் ஆற்றின் மத்திய, கீழ்ப் பகுதிகளில் பிறந்தவை. கி.மு. 139இல் ஹான் பேரரசருக்குச் சமர்ப்பிக்கப்பட்ட 'ஹுவாய்நான்சி' என்ற நூலிலேயே 24 பெயர்களும் முழுமையாக இருக்கின்றன. கி.மு. 104இல் வந்த 'தாய்ச்சூ' நாள்காட்டி அவற்றை அரசு நாள்காட்டியில் சேர்த்துக்கொண்டது. அதற்கு அப்புறம் எத்தனை வம்சங்கள் வந்து போய்விட்டன! பெயர்கள் அப்படியே இருக்கின்றன. 2016இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் 24இலிருந்து ஒன்றுக்கு இறங்கி எண்ணியபோது, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கணுவின் பெயரைத்தான் காட்டினார்கள். அன்று பிப்ரவரி 4, வசந்தம் பிறக்கும் நாள்.

கோடைக்கு உரியவை ஆறு. மே 5 வாக்கில் லிஷியா. 20 அல்லது 21இல் ஷியாவ்மான், அதாவது 'சிறு நிறைவு'. ஜூன் 5 வாக்கில் மாங்சோங். 'கூர் உள்ள தானியம்' என்று சொல்லலாம். ஜூன் 21இல் ஷியாஜி, கோடையின் உச்சி. ஆண்டின் மிக நீண்ட பகல். ஜூலை 7 வாக்கில் ஷியாவ்ஷு, 'சிறு வெப்பம்'. ஜூலை 22 அல்லது 23இல் தாஷு, 'பெரு வெப்பம்'. ஆகஸ்ட் 7 வாக்கில் கதை முடிந்து இலையுதிர் காலம் பிறந்துவிடும்.

ஒரு கேள்வி எழும். பகல் மிக நீண்டிருப்பது ஜூன் 21இல். பிறகு ஏன் பெரு வெப்பம் ஒரு மாதம் கழித்து? அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதே, அந்தக் கணக்குத்தான். மண்ணும் நீரும் சூடேறி வர நாளாகும். மஞ்சள் ஆற்றுப் பகுதி ஏறத்தாழ 35 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. 13 பாகையில் உள்ள சென்னைக்கோ ஏப்ரல் கடைசியிலேயே சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அதன் பின் பருவமழைக் காற்று வந்து சூட்டைத் தணிக்கிறது. ஆக, கத்திரியும் சரி, லிஷியாவும் சரி. அவரவர் ஊருக்கு அவரவர் கணக்கு.

இதில் நம் கொல்கத்தாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. மாங்சோங் நாளிலும் ஷியாவ்ஷு நாளிலும் சூரியன் நிற்கும் சாய்வும் கொல்கத்தாவின் அட்சரேகையும் ஏறத்தாழ ஒன்றே, இருபத்திரண்டரைப் பாகைக்குச் சற்று மேல். ஜூன் 5இலும் ஜூலை 7இலும் நண்பகலில் மைதானத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழல் இருக்காது. ஜூலையில் மேகம் விட்டால்தான்!

எடை பார்க்கும் நாள்

லிஷியா அன்று யாங்சீ ஆற்றின் தென்புறத்து ஊர்களில் ஆட்களை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. உத்தரத்திலிருந்து பெரிய தூக்குக்கோல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் கூடையையோ முக்காலியையோ மாட்டி, குழந்தை முதல் கிழவி வரை உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். கோடையில் உடம்பு இளைக்கும் அல்லவா, அதற்கு முன்கணக்கு.

இதற்கு ஒரு கதையும் உண்டு. மூன்று அரசுகள் காலத்தில் ஷு நாட்டு இளவரசனைப் பார்த்துக்கொள்ளும்படி தென்னாட்டுத் தலைவன் மெங் ஹுவோவிடம் மந்திரி ஜூகே லியாங் கேட்டுக்கொண்டாராம். பிற்பாடு நாடு தோற்றுப்போய் அந்த இளவரசன் எதிரியின் தலைநகரில் சிறைவாசம். மெங் ஹுவோ ஆண்டுதோறும் லிஷியா அன்று படையோடு வந்து, அவனைத் தராசில் நிறுத்து, 'எடை குறைந்தால் போர்தான்' என்பானாம். பயந்துபோன எதிரி அரசன் பட்டாணி போட்ட ஒட்டரிசிச் சோறு ஊட்டி அவனைக் கொழுக்கவைத்தானாம். கதைதான், ஆனாலும் மாப்பிள்ளை வீட்டில் பெண்ணை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வரும் நம் ஊர்த் தாய்மாமன் ஞாபகம் வருகிறது.

குழந்தைகளுக்கு அன்று முட்டைப் போர். அவித்த முட்டையை நூல் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒருவர் முட்டையோடு ஒருவர் முட்டையை மோதுவார்கள். ஓடு உடையாதவன் ராஜா.

நிறைவுக்கு ஏன் பெரியது இல்லை?

ஆறில் என் மனதைப் பிடித்தது இரண்டாவது. சிறு வெப்பம் என்றால் பின்னாலேயே பெரு வெப்பம் வருகிறது. குளிர்காலத்தில் சிறு பனி, பெரும் பனி; சிறு குளிர், பெருங்குளிர். எல்லாமே ஜோடி. ஆனால் சிறு நிறைவுக்குப் பின் பெரு நிறைவு இல்லை. 24இலும் தேடிப் பாருங்கள், கிடையாது.

நிறைவு என்பது இங்கே கோதுமை மணியின் நிறைவு. வடசீனத்தில் முந்தின இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை, மே மூன்றாம் வாரத்தில் பால் பிடித்து மணி திரண்டு நிற்கும். முற்றியிருக்காது. நகத்தால் கிள்ளினால் இன்னும் மெத்தென்று இருக்கும். அந்த நிலைக்குச் சிறு நிறைவு என்று பெயர். அடுத்த கட்டம் அறுவடை. பெரு நிறைவு என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டு நிற்க நேரம் ஏது?

சீனப் பெரியோர்கள் இதற்குத் தத்துவ விளக்கம் தருவார்கள். நிறைந்தது வழியும், பணிவுள்ளது பெறும் என்பது அவர்களுடைய பழைய கொள்கை. ஆகவே முன்னோர்கள் வேண்டுமென்றே பெரு நிறைவை விட்டுவிட்டார்கள் என்பார்கள். அழகான விளக்கம். ஆனால் எனக்கென்னவோ உழவனுடைய அவசரம்தான் முதல் காரணம் என்று தோன்றுகிறது. தத்துவம் பிறகு வந்து உட்கார்ந்திருக்கும்.

தெற்கே அதே பெயருக்கு வேறு பொருள். அங்கே நெல் ஊர். வயலில் நீர் நிறைந்ததா என்று பார்ப்பதே நிறைவு. சிறு நிறைவு நாளில் மூன்று சக்கரங்கள் சுழலும் என்பார்கள். வயலுக்கு நீர் இறைக்கும் சக்கரம் ஒன்று. கடுகு இனத்து எண்ணெய் வித்தை ஆட்டும் செக்கு ஒன்று. பட்டுப்பூச்சிக் கூட்டிலிருந்து நூல் இழுக்கும் ராட்டினம் ஒன்று. பட்டுத் தெய்வத்தின் பிறந்தநாளும் அன்றுதான் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை.

பத்து நாள் ஜன்னல்

அடுத்தது மாங்சோங். 'மாங்' என்பது கோதுமை, பார்லிக் கதிர்களில் மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கூர். கூர் உள்ளதை அறுக்க வேண்டும், கூர் உள்ளதை நட வேண்டும். வடக்கே கோதுமை அறுவடை, தெற்கே நெல் நாற்று நடவு. 'மாங்' என்ற ஒலிக்கு வேறொரு எழுத்தில் 'ஓய்வில்லாத வேலை' என்றும் பொருள் இருப்பதால், ஓய்வில்லாமல் நடும் நாள் என்று சிலேடையாகவும் சொல்வார்கள்.

இங்கேதான் செருப்புக்கடைப் பெரியவர் சொன்ன 'வேலை' முழுதாகப் புரிகிறது. சிறு நிறைவுக்கும் கூர்த் தானியத்துக்கும் இடையே இருப்பது இரண்டே வாரம். முந்தினால் மணி சுருங்கும். பிந்தினால் கொட்டும். இடையில் மழை பிடித்தால் கதிரில் இருந்தபடியே மணி முளைவிட்டுவிடும். அறுத்த கையோடு அதே நிலத்தில் சோளம் விதைக்க வேண்டும். ஒருநாள் தாமதமும் இலையுதிர் கால விளைச்சலில் தெரியும்.

கோதுமை தெற்கிலிருந்து வடக்காகப் பழுத்துக்கொண்டே போகும். ஹூபேயில் மே நடுவில், ஹெனானில் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், ஹெபேயில் ஜூன் நடுவில். முன்பெல்லாம் மேற்கே கான்சு, ஷான்சி மாநிலங்களின் வறண்ட மேட்டு நிலத்து ஏழைகள், அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு, பழுக்கும் கோதுமையைத் தேடி ஊர் ஊராக நடப்பார்கள். அவர்களுக்கு 'மாய்க்கே' என்று பெயர், கோதுமை விருந்தாளிகள்! சாப்பாடு போட்டு, பொழுது சாயும்வரை முதுகை ஒடிக்கும் விருந்து. இப்போது அந்தப் பாதையில் அறுவடை இயந்திரங்கள் லாரிகளில் வரிசையாகப் போகின்றன. ஆட்கள் மாறினார்கள், நாட்கள் மாறவில்லை.

2023இல் என்ன நடந்தது? சீனத்தின் கோதுமையில் கால் பங்குக்கு மேல் விளையும் ஹெனான் மாநிலத்தில், மே கடைசி வாரம், மாங்சோங்குக்குச் சில நாள் முன்பு, அடைமழை பிடித்துக்கொண்டது. இயந்திரம் சேற்றில் இறங்க முடியவில்லை. நின்ற கதிரில் மணி முளைவிட்டது, கறுத்தது. உணவுக்கான கோதுமை தீவனக் கோதுமையாக விலை போனது. அறுத்துக் களத்தில் போட்ட பிறகு கெடுக்கும் மழைக்கு அவர்கள் பேச்சில் 'களத்தை அழுகவைக்கும் மழை' என்று தனிப் பெயரே உண்டு. தஞ்சைப் பக்கம் தை மாதத்தில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுக்கப் பட்ட பாடு அந்தப் பத்து நாளில் தீர்மானமாகிறது.

மாங்சோங்கை ஒட்டி இன்னொரு அறுவடையும் சீனத்தில் உண்டு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. முன்பு அது ஜூலை 7 முதல் 9 வரை நடக்கும். அதாவது சரியாகச் சிறு வெப்ப நாளில். கடும் புழுக்கத்தில் பிள்ளைகள் மயங்குகிறார்கள், வெள்ள காலமாகவும் இருக்கிறது என்று 2003 முதல் ஒரு மாதம் முன்னால், ஜூன் 7க்கு மாற்றிவிட்டார்கள். மாங்சோங் பிறந்த ஓரிரு நாளில் இப்போது தேர்வு. நம் நாட்டுத் தேர்வு அதிகாரிகள் கவனிக்கலாம்!

அதே நாட்களில் யாங்சீயின் கீழ்ப்பகுதியில் 'மெய்யூ' மழை தொடங்கும். பிளம் பழம் பழுக்கும் காலத்து மழை என்று பொருள். வாரக்கணக்கில் நசநசவென்று பெய்யும். அதே ஒலியில் வேறு எழுத்தைப் போட்டால் 'பூஞ்சணம் பிடிக்கும் மழை'. ஜூலையில் பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை முகர்ந்து பார்க்கும் நம் வீட்டு அம்மணிகளுக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும்.

நிழலுக்காகப் போன உயிர்கள்

ஷியாஜி அன்று பெய்ஜிங்கில் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். பழைய நாளில் பேரரசர் நகரின் வடபுறத்துப் பூமிக் கோயிலில் பலியிட்டு வணங்குவார். 1530இல் கட்டிய அந்தக் கோயில் இன்றும் பூங்காவாக இருக்கிறது. குளிர்கால உச்சியில் வானத்துக்குப் பூஜை, கோடை உச்சியில் பூமிக்குப் பூஜை. ஒளி உச்சத்தைத் தொட்ட அந்த நாளிலேயே இருள் பிறந்துவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. பூமி அந்த இருளின் பக்கத்தைச் சேர்ந்தது.

உச்சி என்றைக்கு என்று எப்படித் தெரியும்? நம் சிற்பிகள் கோயில் மனையில் திசை பார்க்க நடும் சங்கு போல, நட்ட கோலின் நிழலை அளந்துதான். ஹெனானில் தெங்ஃபெங் என்ற ஊரின் அருகே, மங்கோலியர் ஆண்ட காலத்தில், 1276ஐ ஒட்டி குவோ ஷௌஜிங் என்ற வானியலாளர் கட்டிய செங்கல் கோபுரம் இன்னும் நிற்கிறது. கோபுரமே நிழற்கோல். உயரம் ஒன்பதரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதன் காலடியிலிருந்து வடக்கே 31 மீட்டர் நீளத்துக்குக் கல் அளவுகோல் படுத்திருக்கிறது. கோல் பெரிதானால் நிழலும் பெரிது, பிழை சிறிது. 1281இல் வந்த அவருடைய நாள்காட்டியில் ஆண்டுக்கு 365.2425 நாள். இன்று உலகம் முழுதும் வழங்கும் கிரிகோரியன் நாள்காட்டியின் ஆண்டும் அதே அளவுதான். அது வந்தது 1582இல்!

இந்தக் கணக்கில் உயிர்களும் போயிருக்கின்றன. அதுவரை ஆண்டின் நாட்களைச் சமமாக 24ஆல் வகுத்து வந்தார்கள். 1645இல் ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் ஷால், சூரியனின் உண்மையான ஓட்டத்தைப் பின்பற்றி நாள்காட்டியைத் திருத்தினார். ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிகத் தொலைவில், மெதுவாகச் செல்கிறது. ஆகவே கோடைக் கணுக்களின் இடைவெளி பதினைந்தே முக்கால் நாள் வரை நீளும். குளிர்காலத்தில் பதினைந்துக்கும் குறையும். கணக்கு சரிதான். ஆனால் 'அந்நியன் நம் காலத்தைக் கெடுக்கிறான்' என்று யாங் குவாங்ஷியான் என்பவர் 1664இல் வழக்குத் தொடுத்தார். ஷாலுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1665இல் பெய்ஜிங்கில் நில நடுக்கம் வரவே, வானம் கோபிக்கிறது என்று பயந்து கிழவரை விட்டுவிட்டார்கள். அவரோடு வேலை செய்த சீன வானியலாளர்கள் ஐவரின் தலை மட்டும் போயிற்று. 1668 கடைசியில், இளைஞராயிருந்த காங்ஷி பேரரசர் இரு தரப்பையும் நிழற்கோலின் முன் நிறுத்தினார். நாளைய நண்பகல் நிழல் எவ்வளவு என்று முன்னதாகச் சொல்லச் சொன்னார். வெர்பீஸ்ட் என்ற பாதிரியார் சொன்ன இடத்தில் நிழல் விழுந்தது. யாங் தரப்பால் சொல்ல முடியவில்லை. ஷால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துபோயிருந்தார்.

நம் ஆடியும் அவர்கள் ஷியாஜியும்

நம்மிடம் இதற்கு இணையானது சங்கராந்தி. சந்திர மாதத்தில் சங்கராந்தி விழாவிட்டால் அது அதிக மாதம். சீனரும் இதையே செய்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 12 கணுக்களில் எதுவும் விழாத மாதம் உபரி மாதம். 2025இல் ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரை அப்படி ஓர் உபரி ஆறாம் மாதம் வந்தது.

விதி ஒன்று, தொடங்கும் இடம்தான் வேறு. அவர்கள் சூரியன் திரும்பும் நாளைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டோம். பூமியின் அச்சு மெல்ல ஆடுவதால் இரண்டும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒருநாள் வீதம் விலகுகின்றன. சூரியன் தெற்கே திரும்புவது ஜூன் 21இல். நாம் தட்சிணாயனம் என்று ஆடி முதல் தேதி, ஜூலை 16 அல்லது 17இல் கொண்டாடுகிறோம். ஆடி எனக்கும் பிடிக்கும். தேங்காய் சுடாமல் விட மாட்டேன். ஆனால் வானத்தைக் கேட்டால் அது ஷியாஜியின் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

இதைச் சரிசெய்யப் பார்த்தவர் நம் கொல்கத்தாவின் விஞ்ஞானி மேகநாத் சாஹா. அவர் தலைமையில் 1952இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டி வந்தது. அதில் மாதப் பிறப்புகளைப் பாருங்கள். ஜ்யேஷ்டம் மே 22, ஆஷாடம் ஜூன் 22, சிராவணம் ஜூலை 23. சிறு நிறைவு, கோடை உச்சி, பெரு வெப்பம் ஆகிய மூன்றின் பக்கத்துத் தேதிகள்! சாஹா சீனத்தைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. சூரியனை நேராகக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும். அரசிதழிலும் வானொலியிலும் அந்தத் தேதி உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இன்று சக ஆண்டில் என்ன தேதி என்று தெரியும்?

பதுங்கும் நாட்கள்

சிறு வெப்பம் பிறந்த பிறகு வருவது 'ஃபூ' நாட்கள். ஃபூ என்றால் பதுங்குதல். பத்து நாள் சுற்றில் 'கெங்' என்று ஒருநாள் வரும். ஷியாஜிக்குப் பின் வரும் மூன்றாவது கெங்கில் முதல் ஃபூ, நான்காவதில் நடு ஃபூ, இலையுதிர் பிறந்த பின் வரும் முதல் கெங்கில் கடைசி ஃபூ. மொத்தம் 30 நாள், சில ஆண்டு 40 நாள். இந்த நாட்களில் முதுகில் மருந்துப் பற்றுப் போட்டுக்கொள்ள மருத்துவமனைகளில் வரிசை நிற்கும். குளிர்காலத்து இருமலுக்கும் இழுப்புக்கும் கோடையிலேயே வைத்தியம்.

ஒவ்வொரு கணுவையும் ஐந்தைந்து நாளாக மூன்றாக்கி, அதற்கும் ஓர் அடையாளம் எழுதிவைத்திருக்கிறார்கள். மண்புழு வெளிவரும், கும்பிடுபூச்சி பொரிக்கும், மானின் கொம்பு உதிரும், வெட்டுக்கிளியின் உறவான சில்வண்டு வீட்டுச் சுவரில் குடியேறும் என்று போகும். பெரு வெப்பத்தின் முதல் அடையாளம், அழுகிய புல் மின்மினியாக மாறும் என்பது. ஈரப் புல்லில் மின்மினி முட்டையிடுவதைக் கண்டவர்கள் அப்படி நினைத்தார்கள். மூன்றாவது அடையாளம், பெருமழை அவ்வப்போது வரும்.

வந்தது. 2021 ஜூலை 20, பெரு வெப்பத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஹெனானின் தலைநகர் செங்சோவில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர். சுரங்க ரயிலில் வெள்ளம் புகுந்து 14 பேர் இறந்தார்கள். அந்த மாநிலத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 398 பேர். நாள்காட்டியைக் குறைசொல்ல முடியாது, மழை வரும் என்று இரண்டாயிரம் ஆண்டாக எழுதியிருக்கிறது. எவ்வளவு என்பதுதான் அதில் இல்லை.

வெயிலும் இப்போது பெயருக்குக் காத்திருப்பதில்லை. 2023இல் ஷியாஜிக்கு மறுநாளே பெய்ஜிங்கில் 41.1 டிகிரி. அதே ஜூலை 16இல், பெரு வெப்பத்துக்கு ஒரு வாரம் முன்பே, மேற்கே துர்ஃபான் பள்ளத்தில் 52.2 டிகிரி.

தெற்கத்தி நெல் ஊர்களில் பெரு வெப்பம் என்றவுடன் வயதானவர்கள் நினைப்பது வெயிலை அல்ல, 'இரட்டை அவசரத்தை'. இரு போகம் விளையும் ஹூனான் போன்ற மாநிலங்களில் ஜூலைக் கடைசியில் முதல் போகத்தை அறுத்து, உழுது, இரண்டாம் போக நாற்றை இலையுதிர் பிறப்பதற்குள் நட்டு முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் வரும் நேரத்தில் குளிர் வந்து பதராக்கும். ஆண்டின் கொடிய வெயிலும் ஆண்டின் கொடிய வேலையும் ஒரே இரண்டு வாரத்தில்! விடிவதற்கு முன் நாற்றுப் பறித்து, கொதிக்கும் சேற்றில் நட்டு, பள்ளிப் பிள்ளைகளையும் வயலில் இறக்கி முடிப்பார்கள். இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. பலர் ஒரு போகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கடலோரம் செஜியாங் மாநிலத்து தாய்சோவில் பெரு வெப்ப நாளில் மரப்படகு ஒன்று செய்து, அதில் அரிசி முதல் கட்டில் வரை காணிக்கை நிரப்பி, ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கடலில் இழுத்துவிட்டுக் கொளுத்துவார்கள். கோடை நோய்கள் அதோடு போகட்டும் என்று. ஃபூஜியானின் புதியனில் லிச்சிப் பழம் தின்பார்கள். ஷான்டோங்கில் கொதிக்கக் கொதிக்க ஆட்டுக்கறி சூப் குடித்து வியர்த்துக் கொட்டுவார்கள்.

ஆகஸ்ட் 7 வாக்கில் 'லிச்சியூ', இலையுதிர் பிறப்பு. பிறந்துவிட்டது என்று நாள்காட்டி சொல்லுமே தவிர வெயில் கேட்காது. அந்த வெயிலுக்கு 'இலையுதிர் காலப் புலி' என்று பெயர். அன்று மீண்டும் தூக்குக்கோல் உத்தரத்தில் ஏறும். லிஷியாவில் பார்த்த எடையோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் அன்றிரவே வீட்டில் இறைச்சி வேகும்.